பூட்டிய அலமாரியும் வாசிக்காத பிள்ளையும்



நாம் கூடும் இடங்களிலெல்லாம் தவறாமல் எழும் குறை ஒன்று உண்டு. இக்காலப் பிள்ளைகள் நூல் வாசிப்பதே இல்லை என்பதே அது. இக்குறையைச் சொல்லும் நாம் நம் பள்ளி வள மையத்தின் கதவை ஒருமுறை நின்று பார்த்திருக்கிறோமா? அங்கு ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்புகளைச் சற்று நினைவுகூருங்கள். அனுமதியின்றி நுழையாதே. நூல்களைக் கலைக்காதே. முதலாம் படிநிலை மாணவர்களுக்கு இரவல் கிடையாது. தொலைத்தவர் இருமடங்கு விலை செலுத்த வேண்டும். ஒரு வரியாவது, "வா, எடுத்துப் படி" என்று சொல்கிறதா?

இக்கட்டுப்பாடுகள் யாரோ ஒருவரின் கொடுமையால் பிறந்தவை அல்ல. அவற்றுக்கும் காரணம் உண்டு. பள்ளி நூல்கள் அரசாங்கச் சொத்து. அவற்றைப் பதிந்து வைக்க வேண்டும். கணக்காய்வு வரும்போது காட்ட வேண்டும். நூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். அவரும் நம்மைப்போல் வகுப்பும் புறப்பாடமும் பதிவேடுகளுமாக அல்லாடுபவர்தாம். எனவே, பூட்டிவிடுவது அவருக்கு எளிதாகத் தோன்றுகிறது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது என்பதை நாம் சிந்தித்தே ஆக வேண்டும்.

நான் அறிந்த பள்ளி ஒன்றில் ஓராண்டில் சில கதை நூல்கள் காணாமற்போயின. சிலவற்றில் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மறு ஆண்டே அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் வந்தன. நூல் வேண்டுவோர் பெயரை எழுதிக் கொடுத்து, ஆசிரியர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நூல்கள் பத்திரமாக இருந்தன. இரவல் பதிவேட்டின் பக்கங்களும் பத்திரமாக, வெறுமையாக இருந்தன! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது.

யாருக்கு இழப்பு?

நூலைக் கிழித்த பிள்ளைக்கு இதனால் ஓர் இழப்பும் இல்லை. அவனுக்கு நூலில் நாட்டமில்லை. வீட்டில் நூலடுக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கும் பெரிய இழப்பில்லை. அப்பா வாங்கித் தருவார். துணிச்சலான பிள்ளை ஆசிரியரைத் தேடிப்போய்க் கேட்டுப் பெற்றுக்கொள்வான். எஞ்சியிருப்பவர் யார்? விதியை மீறாத, கேட்கத் தயங்கும், வீட்டில் ஒரு தமிழ்க் கதை நூல்கூட இல்லாத சராசரிப் பிள்ளை. நம் வகுப்பறைகளில் பெரும்பான்மையினர் இவர்களே. சிலர் செய்த தவற்றுக்குரிய தண்டனையை முழுமையாகச் சுமப்பவர்களும் இவர்களே.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை தனக்கு வேண்டிய நூலின் பெயரை எழுதித் தரவேண்டும் என்கிறோம். அப்படி ஒரு நூல் இருப்பதே அறியாத பிள்ளை எதை எழுதும்? பிள்ளைகள் பெயரைக் கொண்டு நூலைத் தேர்ந்தெடுப்பதில்லை. அட்டையைப் பார்த்து, எடுத்து, புரட்டி, படம் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறார்கள். அந்தக் கலைத்தலே வாசிப்பின் முதற்படி. கலையாத அலமாரி, யாரும் வாசிக்காத அலமாரி.

பழைய அச்சம்

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. முன்னாளில் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் எரிஃபோர்ட் தேவாலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். 1894இல் இலண்டனின் கிளார்க்கன்வெல் பொது நூலகத்தில் வாசகர்களே அலமாரிக்குச் சென்று நூலெடுக்கும் முறை வந்தபோது, நூல்கள் களவுபோகும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று அம்முறை உலகெங்கும் பொது நூலகங்களின் வழக்கமாகிவிட்டது.

நம்மவர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டன் சென்று பயின்று திரும்பி, அந்நூலகத்தின் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931இல் வெளிவந்த அவரது நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதாகும். ஆசிரியராக இருந்த ஒரு தமிழர் வகுத்த முதல் விதியைத் தமிழ்ப்பள்ளியிலேயே நாம் மறக்கலாமா?

செய்யக்கூடியவை

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கட்டுப்பாடு தவறு செய்தவரை மட்டும் சாரட்டும். நூலைக் கிழித்த பிள்ளை அதை ஒட்டிச் சரிசெய்து தரட்டும். சில வாரம் நூலகத் தொண்டு செய்யட்டும். அதற்காக ஒரு பள்ளியையே வெளியே நிறுத்தத் தேவையில்லை. விதி ஒன்று கொண்டுவந்தால் ஏன் என்பதையும் எதுவரை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுவோம். காரணமும் கெடுவும் இல்லாத விதி நிலைத்துவிடுகிறது; அதைக் கொண்டுவந்த ஆசிரியர் மாற்றலாகிப் போன பின்னும் பூட்டு மட்டும் தொங்குகிறது.

விலையுயர்ந்த அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் பூட்டி வையுங்கள். கதை நூல்களைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது நூல்கள் கொண்ட பெட்டி ஒன்றை வைத்து, மாதந்தோறும் வகுப்புக்கு வகுப்பு மாற்றலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தரும் நூல்களைக் கொண்டே இதைத் தொடங்கலாம். ஆண்டுக்குப் பத்து நூல், ஒன்று பத்து வெள்ளி என்று தொலைவதாகவே வைத்துக்கொண்டாலும், இழப்பு நூறு வெள்ளிதான். அந்தப் பணத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரிகூட வாங்க முடியாது.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையில் பட்டுப்பட்டு நைந்துபோன நூலுக்காகப் பொறுப்பாசிரியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவரது அச்சம் நீங்கினால்தான் பூட்டும் நீங்கும்.

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது மதிப்பெண் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வள மையம் எந்நேரம் திறந்திருக்கும், என் பிள்ளை வாரம் எத்தனை நூல் எடுக்கலாம் என்று பணிவோடு கேளுங்கள். கேட்பார் இருந்தால் கதவு திறக்கும். திறந்த பின்னும் பிள்ளைகள் வாசிக்கவில்லை என்றால், அப்போது அவர்களைக் குறைகூறுவோம்.