குழலுக்குள் ஒரு காளை

"ஸார், ஊசி போட்டாலே பசு சினையாகிவிடுகிறதே, அப்புறம் காளை எதற்கு?"

வேலம்பாளையத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் ஸமீபத்தில் இப்படிக் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளரும் குழந்தைகள் காங்கேயம் பூச்சிக்காளையைக் காண்பதே அபூர்வம். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளத் தக்கதன்று.

இப்போது ஊசியையும் தாண்டியாகிவிட்டது. பசுவின் உடலுக்கு வெளியே, கண்ணாடித் தட்டிலேயே கரு உண்டாகிறது. 1990-ல் கர்னாலிலுள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தில் 'பிரதம்' என்ற எருமைக்கன்று அவ்விதம் பிறந்தது. எருமையினத்தில் உலகிலேயே அதுதான் முதலாவது.

இதற்காகக் காளையின் வித்தைப் பக்குவப்படுத்தும் முறை வெகு ரஸமானது. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜனுக்குள், மெல்லிய குழல்களில் அது உறங்குகிறது. கால் மில்லிலிட்டர் கொள்ளும் குழல் ஒன்றில் சுமார் 2 கோடி உயிரணுக்கள்! 37 டிகிரி வெதுவெதுப்பான ஜலத்தில் அரை நிமிஷம் வைத்தால் விழித்துக்கொள்கின்றன. ஆனால் குளிரிலேயே மாண்டவையும் ஏராளம். ஆகவே, சத்து நீர் நிரம்பிய குழாயின் அடியில் வித்தை மெல்ல விட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். பரீட்சைதான்! நீந்தத் தெரிந்தவை மேலே வருகின்றன. அவற்றை மட்டும் எடுத்து, சுழற்றிக் கழுவி, உறைய வைக்கும்போது சேர்த்த முட்டை மஞ்சள், கிளிஸரின் முதலியவற்றை நீக்குகிறார்கள்.

இவ்வளவு செய்தும், சினைமுட்டையைத் துளைக்கும் வல்லமை வந்துவிடாது. தாயின் கருப்பாதையில் சில மணி நேரம் தங்கினால்தான் அது வரும். இதை 1951-ல் ஆஸ்டின், சாங் என்னும் இரு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் தாயின் ஸ்தானத்தை ஹெப்பாரின் என்ற பொருள் ஏற்கிறது. பசுவின் உடற்சூட்டுக்கு ஒத்த 38.5 டிகிரியில் முட்டைகளோடு சேர்த்து வைக்க, கரு உண்டாகிறது. ஏழாம் நாள் அதை வேறொரு பசுவின் கருப்பைக்கு மாற்றுகிறார்கள்.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, குழலுக்குள் போகுமுன் அந்தக் காளை நிலத்தில் நின்றிருக்க வேண்டும். அதைப் பார்த்து, நடை, திமில், குணம் எல்லாம் ஆராய்ந்து தேர்ந்தெடுக்க ஒரு குடியானவன் வேண்டும். அது மேயக் கொறங்காடும், அங்கே கொழுக்கட்டைப் புல்லும் வேண்டும். விஞ்ஞானம் வித்தை உறங்க வைக்கும். காட்டையும் மாட்டையும் அறிந்த மனிதனை உறைய வைத்துக் காப்பாற்ற அதற்குத் தெரியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவன் தன் பாட்டனாரோடு காங்கேயம் பக்கம் மாடு பார்க்கப் போனான் என்று கேள்வி. எனக்கு அதுவே போதும்.