கெட்டியாயிடுச்சு... ஆனா வெந்துச்சா?

சொத்தைப் பல் அடைச்ச அனுபவம் உண்டா ஃப்ரெண்ட்ஸ்? டாக்டர் ஒரு பசையை வச்சு, பேனா சைஸ் லைட்டால நீல வெளிச்சம் அடிப்பார். இருபது செகண்ட்ல கல்லு மாதிரி ஆயிடும். 'முடிஞ்சுது'னு எழுந்து வந்துடுவோம். நிஜமாவே முடிஞ்சுதா?

இட்லியை மேல தொட்டா வெந்த மாதிரிதான் இருக்கும். நடுவுல ஸ்பூன் விட்டாத்தான் மாவு ஒட்டுறது தெரியும். இந்தப் பசைக்கு லேப்ல விடுற ஸ்பூன் பேரு... அகச்சிவப்புக் கதிர்!

பசைக்குள்ள மானோமர்னு குட்டி மூலக்கூறுகள். 1962-ல அமெரிக்காவின் ரஃபேல் போவன் காப்புரிமை வாங்கின பிஸ்-ஜிஎம்ஏ அதுல பிரபலம். அது தேன் மாதிரி கெட்டி. இளக்க டெக்டிஎம்ஏ சேர்ப்பாங்க. ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு 'கை', அதாவது கார்பன் இரட்டைப் பிணைப்பு. வெளிச்சம் பட்டதும் கை கோத்து வலையாகிடும். கோத்த கை, இரட்டைப் பிணைப்பா இருக்காது.

அந்தப் பிணைப்பு 1638 என்ற அலை எண்ல அகச்சிவப்பை உறிஞ்சும். கை கோக்கக் கோக்க அந்தச் சிகரம் குட்டையாகும். பக்கத்துல 1608-ல பென்சீன் வளையத்தோட சிகரம். அது மாறவே மாறாது. ரெண்டுக்கும் உள்ள விகிதம் முதல்ல 1, கடைசியில 0.4-ன்னா, 60 சதவிகிதம் வினை முடிஞ்சிருக்குனு அர்த்தம். பல் பசைகள் பொதுவா 55-லேர்ந்து 75 வரைதான் போகும்.

ஏன் நூறு இல்ல? காலையில பட்டாபிராம்ல லோக்கல் ஏறி, அடுத்த கதவுல நிக்கிற நண்பன்கிட்ட போகப் பாருங்க. முதல்ல ஈஸி; அம்பத்தூர் தாண்டினா நகரவே முடியாது. உள்ளே அதேதான். மிச்சமெல்லாம் தனி ஆளும் இல்ல. பல பேர் ஒரு கையைக் கோத்துட்டு இன்னொண்ணைத் தொங்கவிட்டு நிப்பாங்க. ரெண்டு கையும் சும்மா இருக்குற கொஞ்சம் பேர்தான் மெல்லக் கசிஞ்சு வெளிய வருவாங்க. அதனாலதான் டாக்டர் ரெண்டு மில்லிமீட்டர் அடுக்கா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் லைட் அடிக்கிறார்.

சரி, யார் யாரோட கை கோத்தாங்க? இந்தப் பசையில கஷ்டம். ரெண்டு பேருக்கும் ஒரே சிகரம். தயாலையும் அக்ரிலேட்டையும் கலந்தா மேட்டர் ஈஸி. தயாலுக்கு 2570 பக்கம் தனிச் சிகரம். அமெரிக்காவின் கொலராடோவில் கிரேமரும் போமனும் வெளிச்சம் அடிக்க அடிக்கவே ரெண்டையும் அளந்து, 2001-ல வெளியிட்டாங்க. அக்ரிலேட் முனை, தயாலைவிட இன்னொரு அக்ரிலேட்டைத்தான் ஒன்றரை மடங்கு வேகமா தேடுதாம்! சம அளவு கலந்தா அக்ரிலேட் தீர்ந்துடும், தயால் மிஞ்சும். மிஞ்சின தயால் நாறும் பாஸ்! எவ்வளவு கலக்கணும்னு சொல்றது அந்த ரெண்டு சிகரம்தான்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ரெசின், 3டி பிரின்ட்டிங்னு யோசிக்கிறவங்களே... 'தொட்டுப் பார்த்தோம் சார், கெட்டியா இருக்கு'னு ரிப்போர்ட் எழுதாதீங்க. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாய்ஃப்' மையத்துல கட்டணம் கட்டினா வெளிக் கல்லூரி சாம்பிளையும் எஃப்.டி.ஐ.ஆர்.ல போட்டுத் தருவாங்க. லைட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டு கோடு போதும். வைவாவுல விரலை நம்ப வேண்டாம், நம்பரைக் காட்டலாம்!