காளியின் தலையில் கட்டிய பழி

சென்ற மாதம் வந்த ஓர் இதழில், பயணிகளோடு கூட்டுச் சேர்ந்து கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களைப் பற்றி நீண்ட கட்டுரை. தக்கர் தொழில் காளி வழிபாட்டில் பிறந்தது, கொலை அவர்களுக்குப் பலி, ஆகவே 'தக்' என்பதே சமயச் சொல் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மறைத்தல், வஞ்சித்தல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல் 'தக்'. இந்தியில் இன்றும் ஏமாற்றுக்காரனுக்குத்தான் அந்தப் பெயர். ஜலாலுத்தீன் கில்ஜி ஆயிரம் தக்கர்களைப் பிடித்துப் படகேற்றி வங்காளத்துக்கு அனுப்பியதைப் பதினான்காம் நூற்றாண்டில் ஸியாவுத்தீன் பரனி எழுதிவைத்தார். அவர் எழுத்தில் காளி இல்லை. தெற்கே இவர்களுக்கு வழங்கிய 'பான்சிகர்' என்ற பெயருக்குச் சுருக்குக் கயிற்றுக்காரர் என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை.

வழிபாடு இருந்தது, அதை மறுக்கவில்லை. 1816இல் சென்னைக் கோட்டை மருத்துவர் ஷெர்வுட் பான்சிகர்களைப் பற்றி எழுதியபோதே காளியையும் மாரியம்மனையும் குறிப்பிட்டார். ஆடு வெட்டினார்கள். கழுதை எந்தப் பக்கம் கத்துகிறது என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். ஏர் பூட்டியவனும் படை நடத்தியவனும் சகுனம் பார்த்த நாட்டில் வழிப்பறிக்காரனும் பார்த்தான். அந்த வழிபாட்டையே கொலைக்குக் காரணமாக்கியவர் தக்கர் ஒழிப்பை நடத்திய ஆங்கில அதிகாரி ஸ்லீமன். 1836இல் கல்கத்தாவில் அச்சான அவருடைய 'ராமசீயானா'வில் பேசுகிறவர்கள் அப்ரூவர்கள். வாயைத் திறந்தால் தூக்குக் கயிறு தள்ளிப்போகும் என்ற நிலையில் பேசியவர்கள். அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். முகம்மதியனாகிய நீ பவானியை, அதாவது காளியை, கும்பிடலாமா என்று விசாரிப்பவர்கள் அவர்களைத் துருவுகிறார்கள். பவானியும் பாத்திமாவும் ஒன்றே என்று சிலர் பதில் சொல்கிறார்கள். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சமயக் கோட்பாடாகத் தெரியும். கட்டுரையாளர் செய்தது அதைத்தான். எதிர்வாசிப்பு பற்றி இத்தனை ஆண்டுகள் பேசியபின் இப்படி ஒரு வாசிப்பு வருவது வேதனை.

'ராமசீயானா'வின் உயிரே அதிலுள்ள தக்கர் குழூஉக்குறி அகராதிதான். எங்கள் தலைமுறை அதை நாவல்போல வாசித்தது. பயணியிடம் நயமாகப் பேசிக் கூட்டுச் சேர்ப்பவனுக்கு ஒரு பெயர், கழுத்தை நெரிப்பவனுக்கு ஒன்று, குழி தோண்டுபவனுக்கு ஒன்று. 'புகையிலை கொண்டு வா' என்று சாதாரணமாகச் சொன்னால் அதுவே கொல்லும் சைகை. பக்தர் குழு ஒன்றின் மொழியாக இது எனக்குப் படவில்லை. வேலையைப் பிரித்துக்கொண்ட தொழிலாளிகளின் மொழி இது. வடக்கே சிந்தோஸ் வட்டாரத்து ஜமீன்தார்கள் அவர்களுக்கு இடம் கொடுத்துப் பங்கு வாங்கினார்கள். 1818க்குப் பின் மராட்டியப் படைகள் கலைந்தபோது கூலியற்றுத் திரிந்த சிப்பாய்கள் எத்தனை பேர்! கட்டுரையில் இதற்கெல்லாம் ஒரு பத்திகூட இல்லை.

தமிழ் வாசகனுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வியப்பு. நம்மிடம் வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர் உண்டு, பாலை நிலத்து எயினர் உண்டு, அவர்கள் கொற்றவைக்குப் பலியிடும் வேட்டுவ வரி சிலப்பதிகாரத்தில் உண்டு. ஆயினும் கொற்றவைக்காகத்தான் வழிமறித்தார்கள் என்று நம் மரபு சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையானதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த நிலத்து மனிதர்களுக்கும் தெய்வத்துக்கும் வந்தது. திணைக் கோட்பாட்டின் இந்த வரலாற்றறிவு ஸ்லீமனிடம் இல்லை. தொல்காப்பியம் பற்றி மூச்சுவிடாமல் பேசும் நம் இதழாளர்களிடமும் இல்லை என்பதுதான் கோபம்.

சமயத்தைக் காரணமாக்கியதால் ஆங்கில அரசுக்குக் கிடைத்த வசதியைப் பாருங்கள். 1836ஆம் ஆண்டின் 30ஆம் சட்டப்படி எந்தக் கொலையையும் ஒருவன்மேல் நிரூபிக்க வேண்டியதில்லை. தக்கர் கும்பலைச் சேர்ந்தவன் என்று காட்டினாலே ஆயுள் தண்டனை. செயலை விட்டுச் சேர்மானத்தைத் தண்டிக்கும் இந்தப் பழக்கம் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாகி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது அந்தச் சட்டத்தின் பெயரால்தான். பிறவிக் குற்றவாளி என்ற எண்ணத்துக்குச் சாமியையும் சாட்சிக்கு இழுக்கும் கட்டுரையை, அதுவும் இந்த மண்ணில், ஒரு சிற்றிதழ் அச்சிட்டிருக்கக் கூடாது. அந்த ஆசிரியர் குழு மறுப்பு எழுதினால் ஒரு வரி குறைக்காமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.