தலைப்பு அச்சில், பெயர் கையெழுத்தில்

கொங்கு நாட்டில் காதுகுத்தோ கல்யாணமோ, ஆல்பம் இல்லாத வீடு அரிது. படங்களுக்குக் கம்ப்யூட்டரில் தலைப்பு அடித்து, பிரிண்டரில் எடுத்து ஒட்டுவோரும் உண்டு. நல்ல காரியந்தான்.

முன்பெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றொன்றில் புரியாத குறிகளாய் நிற்கும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோது, தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இன்று அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது.

ஆனால், அழகான தலைப்பு மட்டும் போதுமா? ‘காதுகுத்து விழா’ என்று பூவேலையுடன் அச்சிட்டுவிட்டு, மாமன் மடியிலிருக்கும் குழந்தை யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று குறிக்காமல் விட்டால், ஒரு தலைமுறை கழிந்தபின் அது யார் வீட்டுப் படமோ!

அந்த விவரத்தை அப்பாருவும் அம்மிச்சியும் தம் கையாலேயே எழுதட்டும். எழுத்தறியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். எழுத்து கோணினால் என்ன? பிற்காலத்தில் அந்தக் கையெழுத்தும் ஒரு படமே அன்றோ! மேலும், இங்க்ஜெட் மைகளில் பல ஈரம் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். அச்சை மட்டும் நம்புவது விவேகமன்று.

கம்ப்யூட்டர் நாளையும் கிடைக்கும். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் கிடைப்பார்களா?