உயிருக்கும் இரண்டு விலையா?

பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலையில் கழனி வேலைக்குப் போகும் நம் மக்களும் சாலை ஓரத்தில்தான் நடக்கிறார்கள். பெங்களூரிலிருந்து செங்கம் வழியாக இரவெல்லாம் வாடகைக் கார்களும் வேன்களும் வருகின்றன. ஓட்டுகிறவர் கண் விழித்துக் கூலிக்கு உழைக்கும் டிரைவர்.

2023 அக்டோபரில் செங்கம் பக்கத்தில் பத்து நாட்களுக்குள் இரண்டு கோர விபத்துகள். ஒவ்வொன்றிலும் ஏழு பேர் மாண்டனர். அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களும் மடிந்தனர். அவற்றுக்குக் காரணம் இன்னதென்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் எந்த விபத்து நடந்தாலும் பாடப்படும் பல்லவி ஒன்றுதான்: "டிரைவரின் அஜாக்கிரதை!" வண்டியைச் செய்து விற்றவனைப் பற்றி ஏன் ஒரு கேள்வியும் இல்லை?

மாடு குறுக்கே வருகிறது. டிரைவர் ஸ்டீரிங்கை ஒடிக்கிறார். சாலை ஈரம். வண்டியின் பின்புறம் வீசியடிக்கிறது. அல்லது முன்புறம் திரும்பாமல் நேரே பள்ளத்துக்குப் போகிறது. இதைத் தடுக்கச் சாதனம் உண்டு. எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக ஈ.எஸ்.சி., என்று அதற்குப் பெயர். ஸ்டீரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பதையெல்லாம் கணந்தோறும் அது அளக்கிறது. டிரைவர் விரும்பும் வழி ஒன்று, வண்டி போகும் வழி வேறு என்றால், ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. பின்புறம் வீசினால் வளைவின் வெளிப்பக்கத்து முன் சக்கரம்; முன்புறம் திரும்பாவிட்டால் உட்பக்கத்துப் பின் சக்கரம். இஞ்சினின் இழுவையையும் குறைக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த டிரைவராலும் இதைச் செய்ய முடியாது. நாலு சக்கரத்துக்கும் அவர் காலடியில் இருப்பது ஒரே பெடல்தானே! தேய்ந்த டயரை இது புதிதாக்காது. கண்மண் தெரியாத வேகத்துக்கும் இது காப்பு அல்ல. ஆனால் சறுக்கிய வண்டியை வழிக்குக் கொண்டுவர இதைப் போல் வேறொன்று இல்லை.

இது நேற்று வந்த சரக்கா? 1995-லேயே மெர்சிடிஸ் காரில் வந்துவிட்டது. 1997-ல் அதே கம்பெனியின் ஏ-கிளாஸ் கார் சுவீடனில் நடந்த சோதனையில் கவிழ்ந்தது. ஊர் சிரித்த பிறகே ஒவ்வொரு ஏ-கிளாஸ் காரிலும் ஈ.எஸ்.சி.யைப் பொருத்தினார்கள். அமெரிக்கா 2007-ல் விதி போட்டு, 2012-ம் ஆண்டு மாடல்களிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். முதலாளியின் மனம் இரங்கியதால் அல்ல, சட்டம் கையை முறுக்கியதால் வந்தது இது.

இங்கே நடந்ததைப் பாருங்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் நம் தொழிலாளர்கள் எகோஸ்போர்ட் கார் செய்தார்கள். 2018 முதல் அது அமெரிக்காவிலும் விற்கப்பட்டது. அங்கே போன ஒவ்வொரு வண்டியிலும் ஈ.எஸ்.சி. இருந்தது. இங்கே விற்ற குறைந்த விலை ரகங்களில் இல்லை! அதே ஆலை, அதே கைகள், அதே கார். அமெரிக்கன் உயிருக்கு ஒரு விலை, தமிழன் உயிருக்கு வேறு விலை! 2022-ல் ஆலை மூடப்பட்டது. அந்தக் கைகளுக்கு வேலையும் போயிற்று.

"விலை ஏறும், ஜனங்கள் கேட்பதில்லை" என்று சமாதானம் சொல்கிறார்கள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள காரில் இதைச் சேர்க்க 111 டாலர்தான் என்று அமெரிக்க அரசே 2007-ல் கணக்குப் போட்டது. எல்லா வண்டிகளிலும் வந்தால் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் தப்பும் என்றும் கணித்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். முக்கால்வாசி வேலை முடிந்தது; மிச்சத்துக்கு ஏன் தயக்கம்? 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க ஈ.எஸ்.சி. வேண்டும் என்கிறார்கள். ஆனால் சோதனைக்கு வருவதே கம்பெனியின் இஷ்டம்!

"கார் இல்லாத நமக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். சறுக்கும் கார் யார் மேல் ஏறுகிறது? சாலை ஓரத்தில் நடப்பவர் மேல், சைக்கிளில் மில்லுக்குப் போகிறவர் மேல்! 2022-ல் மட்டும் இந்திய சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர்.

ஆகவே நாம் கேட்பது இவை. காரானாலும் வேனானாலும் பஸ்ஸானாலும், விலை ரகம் பாராமல் ஈ.எஸ்.சி. சட்டப்படி கட்டாயமாக வேண்டும். தேய்ந்த டயரோடு வண்டியை அனுப்பும் உரிமையாளரும், டிரைவருக்குத் தூங்க நேரம் கொடுக்காதவரும் பதில் சொல்ல வேண்டும். விபத்து விசாரணையில் டிரைவரோடு வண்டியையும் கூண்டில் ஏற்ற வேண்டும். உயிருக்கு ரகம் கிடையாது!