தோல் நகரங்களுக்குக் கால்பந்து அரங்கம் வீண்செலவா?

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாய் என்பது தமிழ்நாடு அரசின் திட்டம். இதில் தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் முழு அளவுக் கால்பந்து மைதானம் கேட்டால், "தோல் ஊருக்கு இதெல்லாம் வீண்" என்று சிலர் ஒரேயடியாக மறுக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் எதுவும் நிற்காது.

"கிரிக்கெட் பார்க்கிற ஊரில் கால்பந்துக்கு யார் வருவார்கள்?"

சென்னை சிட்டி கால்பந்து அணி 2017இல் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு இடம் மாறியது. 2019 மார்ச்சில் அங்கேயே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பெயரில் சென்னை இருந்தும் அந்த அணிக்காகக் கோவை ரசிகர்கள் திரண்டார்கள். மைதானமும் அணியும் அமைந்தால் ரசிகர்கள் வருவார்கள்.

"பசங்க கிடைத்த இடத்தில் ஆடுகிறார்களே, போதாதா?"

போதாது. இரண்டு கல்லை நட்டு கோல் போஸ்ட்டாக்கி, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் விடாமல் ஆடும் பையனுக்குக் கால்வேகம் வந்துவிடும். ஆனால் ஓரத்தில் ஓடி, நீளமாக கிராஸ் தூக்கிப் போட அவன் எங்கே பழகுவான்? 105க்கு 68 மீட்டர் மைதானத்தை மாநில அணித் தேர்வு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தால், அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கிவிடும். அதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, பழக இடம் இல்லாததுதான் காரணம்.

"வேலூரில்தான் ஸ்டேடியம் இருக்கிறதே?"

ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து மாலையில் வெளியே வரும் இளைஞர் பஸ் பிடித்துப் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்புவது நடக்காத காரியம். அவருக்கு வேண்டியது பக்கத்திலேயே, இரவு விளக்கோடு ஒரு மைதானம்.

"குடிக்கவே தண்ணீர் இல்லை, புல்லுக்கு எங்கே போவது?"

இது நியாயமான கேள்வி. தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்ட கதையை உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பில் பதிவு செய்தது. இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்தி 2025 ஜனவரியிலும் தீர்ப்பு வந்தது. ஆகவே குடிநீரில் கை வைக்கக் கூடாது. உப்பு நிறைந்த தோல் கழிவுநீரும் புல்லுக்கு ஆகாது. நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சலாம். உப்பைத் தாங்கும் அருகம்புல் வகையையே போடலாம். செயற்கைப் புல் தண்ணீரை மிச்சப்படுத்தும், ஆனால் வேலூர் வெயிலில் பகலில் கால் வைக்க முடியாது. இதெல்லாம் திட்டமிட்டுத் தீர்க்கக்கூடிய சிக்கல்.

"பெண்கள் யார் வரப்போகிறார்கள்?"

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். கடலூரில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? இந்த வட்டாரத்து ஷூ தொழிலே பெண்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் சில மாலைகள், பெண் பயிற்சியாளர், ஒழுங்கான கழிப்பறை, உடை மாற்ற அறை இருந்தால் வருவார்கள்.

"கட்டிவிட்டுப் பூட்டி வைப்பார்கள்."

இந்தப் பயம் நியாயமானது. அதற்காகக் கட்டாமல் இருப்பதா? நிபந்தனை போட்டுக் கட்டச் சொல்வோம். பெரிய கேலரி வேண்டாம். அந்தப் பணம் தரைக்கும் விளக்குக்கும் போகட்டும். ஊர் ஊராக அணி சேர்த்து ஆண்டுதோறும் லீக் நடக்கட்டும். 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம்; அப்படிச் செலவிடக்கூடிய பணிகளின் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. பெரிய தோல், ஷூ நிறுவனங்கள் பயிற்சியாளர் சம்பளத்தை ஏற்கட்டும்.

உலகத்தின் கால்களுக்குச் செருப்புத் தைக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் கால்களுக்கு ஒரு மைதானம் கேட்பது ஆடம்பரமல்ல. உரிமை.