வெற்றிடத்துல ஒரு சுவிட்ச்!

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு மூலக்கூறு சுவிட்ச் எடுத்திருக்கீங்களா? இதைப் படிச்சிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருங்க.

ஸ்பைரோபைரான்னு ஒரு ஆசாமி. புற ஊதா ஒளி பட்டா வளையம் திறந்து மெரோசயனின் ஆயிடுவார். அந்த அவதாரத்துல லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் திறன் எகிறிடும். (1064 நானோமீட்டரை 532 ஆக்குற பச்சை லேசர் பாயின்ட்டரிலும் இதே வித்தைதான். அங்கே செய்றது படிகம்.)

சிக்கல் எங்கேன்னா, நம்ம கணக்குல மூலக்கூறு வெற்றிடத்துல அநாதையா தொங்குது. லேப்லயோ கரைப்பான்ல முங்கிக் கிடக்கு. ரெண்டு விடையும் ஒத்துப்போகலைன்னா பழி லேப் மேல! நியாயமா? ரைக்கார்ட் சாயத்தை மெத்தனால்ல போட்டா சிவப்பு, எத்தனால்ல ஊதா, அசிட்டோன்ல பச்சை. சாயம் என்னவோ ஒண்ணுதான்.

1981-ல இத்தாலியின் தோமாசி குழு ஒரு வழி சொன்னது. கரைப்பானை ஜெல்லி மாதிரி பாவிச்சு, அதுல குழி தோண்டி மூலக்கூறை உட்கார வைக்கணும். அருமையான ஐடியா. ஆனா பலர் சறுக்குற இடமும் இதுதான். தண்ணீரின் டைஎலெக்ட்ரிக் மாறிலி சுமார் 78. லேசரின் வேகத்துக்குத் தண்ணீர் மூலக்கூறு திரும்பவே முடியாது, எலெக்ட்ரான் மட்டும்தான் ஈடுகொடுக்கும். அப்போ மாறிலி வெறும் 1.8! ஒளிக்கும் 78-ஐயே போட்டா விடை அம்பேல்.

இன்னொண்ணு, ஜெல்லிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு தெரியாது. மெத்தனால்னா பக்கத்துல நாலு நிஜ மெத்தனால் மூலக்கூறையாவது நிறுத்துங்க. கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடும். ஓடட்டும் பாஸ், வைவாவுல 'எந்தக் கரைப்பான்?'னு கேட்டா 'வெற்றிடம் சார்'னு முழிக்க வேண்டாமே!